சும்மா நின்ற செடிகள்

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள், தோழர். எனக்கு இந்த மலையில் புதிதாகப் பார்க்க ஒன்றும் இல்லை. வளைவுகள் ஆரம்பித்ததும் வயிற்றைப் புரட்டினால் சொல்லுங்கள், பையில் எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறேன். தோழர் என்றதும் திரும்பிப் பார்க்கிறீர்கள். பயப்பட வேண்டாம். நான் யாரையும் சார் என்று கூப்பிட்டதில்லை. கலெக்டரைக் கூப்பிட்டதில்லை, எஸ்டேட் மேனேஜரைக் கூப்பிட்டதில்லை. எங்கள் ஜனம் மேனேஜரை இன்றைக்கும் துரை என்றுதான் சொல்கிறது. வெள்ளைக்காரன் போய் எத்தனை காலம் ஆயிற்று! சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்ததுதான் மிச்சம்.

மடியில் இருப்பது நோட்டீஸ் கட்டு. காலையில் கொண்டுபோனது அப்படியே திரும்பி வருகிறது. கட்டிய நூல்கூடப் பிரியவில்லை. உள்ளே விநியோகம் கூடாது என்று வாசலிலேயே காவலாளி சொல்லிவிட்டான். உனக்குச் சம்பளம் ஒழுங்காகத் தருகிறார்களா, உனக்காகவும் ஒரு நோட்டீஸ் போடட்டுமா என்று கேட்டேன். "ஐயா, நீங்க போட்டீங்கன்னா இருக்கிற வேலையும் போயிடும்" என்றான். இப்படித்தான் இருக்கிறது நாடு.

எங்கள் பக்கத்தில் என்னை நோட்டீஸ் சவரிமுத்து என்பார்கள். கிண்டலாகச் சொல்கிறவர்களும் உண்டு, மரியாதையாகச் சொல்கிறவர்களும் உண்டு. எனக்கு இரண்டும் ஒன்றுதான். பள்ளிக்கூடம் பாதியில் நின்றுபோனது. அப்புறம் படித்ததெல்லாம் துண்டுப் பிரசுரத்தில். உலகம் எப்படி உருண்டது, மனிதன் எப்படி நிமிர்ந்தான், கூலி எப்படி உண்டானது, எல்லாமே ஆளுக்கொன்றாகக் கையில் தருவார்களே, அந்தத் தாளில் படித்ததுதான். இன்றைக்கு ஒரு பல்கலைக்கழக மண்டபத்தில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

ஒரு பெண்ணுக்கு டாக்டர் பட்டம். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி டாக்டர். பெயர் ஷமீமா. கடையநல்லூர்ப் பெண். ஆறேழு வருஷத்துக்கு முன்னால் முதுகில் ஒரு பையோடு எங்கள் எஸ்டேட்டுக்கு வந்து இறங்கினாள். அப்போது எங்கள் தொழிற்சங்க ஆபீசில் நானும் ஒரு நாற்காலியும்தான் பாக்கி. பாதி ஜனம் திருப்பூருக்குப் பனியன் தைக்கப் போய்விட்டது. காலியான லயன் வீடுகளில், தொழிலாளர் வரிசை வீடுகளில், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். நல்ல உழைப்பாளிகள். என் பேச்சைக் கேட்டுக் கை தட்டுவார்கள், ஒரு வார்த்தை புரியாது. புரியாமல் கை தட்டினால் பேசுகிறவனுக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள்? போராட்டம் என்று ஒன்று நடந்தே வெகுகாலம் ஆகியிருந்தது. கொடிக்கம்பத்தில் கயிறுகூட இற்றுப்போயிருந்தது.

அந்தப் பெண் ஓடைக்கரைச் சதுப்பில் போய் உட்கார்ந்துவிட்டாள். அங்கே பெரணி மரம் உண்டு. பெரணி தெரியுமில்லையா? சாதாரணப் பெரணி தரையோடு இருக்கும். இது மரமாக நிற்கும். சிலது இடுப்பளவு, சிலது ஆளுயரம். உச்சியில் குடையாக விரியும். நடுவில் குருத்து சுருண்டு சுருண்டு நத்தை மாதிரி இருக்கும். நான் பிறந்ததிலிருந்து அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போயிருக்கிறேன். நின்று பார்த்ததில்லை. கொழுந்து எடுக்கிறவர்களுக்கு எடை போடுவதற்குள் ஓட வேண்டும், பெரணியை எங்கே பார்க்க?

"இதுக்குப் பூ கிடையாது, காய் கிடையாது, விதை கிடையாதுய்யா. இலைக்கு அடியில பொடி மாதிரி இருக்கும், அதுலேருந்துதான் முளைக்கும். பூன்னு ஒண்ணு உலகத்துல வர்றதுக்கு முன்னாலயே இந்த இனம் வந்துட்டு" என்றாள்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பூவுக்கு மூத்தது! அலங்காரத்துக்கு மூத்தது, ஆடம்பரத்துக்கு மூத்தது! அன்றைக்கே மனதில் ஒரு நோட்டீஸ் ஓடியது. "பூக்களுக்கு மூத்த உழைப்பாளியே!" என்று தலைப்பு.

உலகம் சூடாகிக்கொண்டு வருகிறதாம். இத்தனை கோடி வருஷம் எத்தனையோ தாங்கிய இந்த மரம் இனிமேல் வருகிற சூட்டைத் தாங்குமா? அதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அதற்கு என்ன செய்தாள் என்றால், சில மரங்களைச் சுற்றிக் கண்ணாடி மாதிரித் தகடு வைத்துக் கூண்டு கட்டினாள். மேலே திறந்திருக்கும். வெயில் உள்ளே போகும், சூடு வெளியே போகாது. மற்ற மரங்களுக்குக் கூண்டு இல்லை. இலைக் காம்பில் ஒரு சிவப்பு நூல், அந்த நூலில் எண் போட்ட ஒரு சின்ன அலுமினியத் தகடு, அவ்வளவுதான். அதற்கு எதற்கம்மா எண் என்று கேட்டேன். சூடு பட்டதையும் படாததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எது சூட்டால் வந்தது என்று சொல்ல முடியும் என்றாள். நான் கேட்டுக்கொண்டேன். எனக்கு என் அனுபவத்தில்தானே புரியும்? உண்ணாவிரதப் பந்தலில் நாலு பேர் பட்டினி கிடப்பார்கள், எதிர்க்கடையில் நாலு பேர் டீ குடித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். கூண்டுக்குள் இருப்பவை பட்டினி கிடப்பவை. மற்றவை சும்மா நிற்பவை.

வாரம் தவறாமல் அளப்பாள். மழையானாலும் அளப்பாள், அட்டை ஏறினாலும் அளப்பாள். குருத்து எவ்வளவு விரிந்தது, இலை எவ்வளவு நீண்டது, நுனி காய்ந்ததா. நான் பாறையில் உட்கார்ந்து உலக நடப்பு சொல்வேன். "ம், சொல்லுங்கய்யா" என்பாள், அளவுக்கோலிலிருந்து கண்ணை எடுக்காமலே. தோழர் என்று சொல், ஐயா சொல்லாதே என்று எத்தனையோ தடவை சொன்னேன். "சரிங்கய்யா" என்பாள்.

இந்தா, வளைவு ஆரம்பித்துவிட்டது. பழம் வேண்டுமா? முகர்ந்தால் போதும்.

எஸ்டேட்டில் விருந்தாளிகள் தங்கக் காட்டேஜ் கட்டினார்கள். தேயிலையில் லாபம் இல்லையாம், வேடிக்கை பார்க்க வருகிறவர்களிடம்தான் லாபமாம். நீங்கள் அங்கேதான் போகிறீர்களா? போங்கள், போங்கள். உங்களைச் சொல்லவில்லை. ஓடைக்கரையில் நடைபாதை போட வேண்டும், கூண்டு அசிங்கமாக இருக்கிறது, எடு என்று மேனேஜர் அவளிடம் சொல்லிவிட்டார். எனக்குத் தகவல் வந்ததும் நேரே போனேன்.

அவள் பதறவே இல்லை. "நான் பேசிட்டேன்யா. இந்த மழை முடியுற வரைக்கும் டைம் குடுத்திருக்காரு. எனக்கு அது போதும், அதோட அளவெடுப்பு முடியுது. இதை நம்பித்தான் இத்தனை வருஷம் இங்க கிடக்கேன். அதுவரைக்கும் சத்தம் இல்லாம இருக்கணும். உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கிடுதேன், ஒண்ணும் செஞ்சிராதீங்க."

பயம், தோழர். பார்த்ததும் தெரிந்துவிட்டது. எத்தனை பெண்கள் என்னிடம் இப்படிச் சொல்லியிருக்கிறார்கள்! போனஸ் கேட்கவும் பயந்தவர்கள்தான். கக்கூஸ் கேட்கவும் பயந்தவர்கள்தான். வாங்கிக் கொடுத்தோமா இல்லையா? பயந்தவர்களுக்காகத்தான் இயக்கம். பயப்படாதவனுக்கு இயக்கம் எதற்கு?

அக்காவின் நிக்காஹ் என்று அவள் ஊருக்குப் போனாள். நான் நோட்டீஸ் அடித்தேன்.

வந்தார்கள், தோழர். வருவார்கள் என்று நானே நம்பவில்லை. ரிட்டயர்டு ஆன ஜனமெல்லாம் வந்தது. கம்பு ஊன்றி வந்தது. பூவாயி வந்தாள். கொழுந்து எடுத்த காலத்தில் பெண்கள் படைக்கே தலைவி அவள். வாய் என்றால் அப்படி ஒரு வாய். "ஏன்யா நோட்டீசு, இத்தன வருசமா செத்துட்டியோ இருக்கியோன்னு நெனச்சேன். செடிக்காகவா எந்திரிச்சே?" என்றாள். செடிக்காக இல்லை, நியாயத்துக்காக என்றேன். "நியாயத்துக்கு முழங்கால் வலிக்காதாக்கும்" என்றாள். ஆனால் வந்தாள்.

சதுப்புக்குப் பக்கத்தில் மேடை. எங்கள் பக்கத்தில் மேடை என்றால் பெரணி வளைவு இல்லாமல் கிடையாது. கீழே சமவெளியில் வாசலில் வாழை கட்டுவார்கள், மேலே எங்கள் காற்றுக்கு வாழை எங்கே நிற்கும்? கல்யாணமானாலும் சரி, மாதா கோயில் தேரானாலும் சரி, மே தினமானாலும் சரி, இரண்டு மூங்கிலை வளைத்துப் பெரணி இலை கட்டினால்தான் அது நிகழ்ச்சி. இல்லாவிட்டால் சாவு வீடு மாதிரி இருக்கும்.

பூவாயிதான் கேட்டாள். "எந்தப் பெரணிய வெட்டறது? எல்லாத்துலயும் அந்தப் புள்ள நூலக் கட்டி வெச்சிருக்கே."

நான் தெளிவாகச் சொன்னேன். மைக்கிலேயே சொன்னேன். "கூண்டுக்குள்ளே இருக்கிறது அந்தப் பிள்ளையோட செடி. அதுல ஒருத்தர் கை படக் கூடாது. வெளியே சும்மா நிக்கிறதை வெட்டிக்கோங்க." ஓடைக்கு அந்தப் பக்கம் வேறு பெரணி இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. தாண்டிப் போக முழங்கால் யாருக்கு இருந்தது?

வளைவு எப்படி இருந்தது தெரியுமா! உச்சியில் வைக்க உயரமான மரம் ஒன்றிலிருந்து சுருண்ட குருத்தைக் கொத்தாக அப்படியே எடுத்தார்கள். சிவப்பு நூலும் தகடும் அதிலேயே தொங்கின. வெயிலில் மினுக்கின. பூவாயிகூட, "உன் கல்யாணத்துக்குக்கூட இப்படிக் கட்டலியேய்யா" என்றாள்.

மேனேஜர் வந்தார். ஜீப்பை விட்டு இறங்கினார். "என்ன வேணும் சவரிமுத்து?"

"பாதை கூடாது. கூண்டு இருக்கணும்."

அவர் வளைவையும் அதில் தொங்கிய எண் தகடுகளையும் நிமிர்ந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் சிரித்தார். "சரி. பாதை வேண்டாம். கூண்டு இருக்கட்டும். எத்தனை நாள் வேணும்னாலும் இருக்கட்டும்."

கேட்டதற்கு மேலேயே கொடுத்துவிட்டார்! என் வாழ்க்கையில் இவ்வளவு சீக்கிரம் எதுவும் ஜெயித்ததில்லை. இன்றைக்கும் அந்தச் சிரிப்பை நினைத்துப் பார்க்கிறேன். தோற்றவன் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவள் திரும்பி வந்தபோது இலை வாடியிருந்தாலும் வளைவு நின்றுகொண்டுதான் இருந்தது. அவளுக்காகவே பிரிக்காமல் வைத்திருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிப் போனேன். பார்த்தாள். நின்றாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்தேன். அப்புறம் ஒரு கல்லைப் போட்டு ஏறி, வளைவிலிருந்து தகடு ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கழற்றும்போது ஒவ்வொரு எண்ணையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். உச்சியில் இருந்ததைக் கழற்றும்போது மட்டும் சத்தமாக, "ஏழு. குருத்தோட எடுத்துட்டாங்க" என்றாள்.

"உன்னுடைய செடி எல்லாம் கூண்டுக்குள்ளே பத்திரமா இருக்கு, பாரும்மா" என்றேன்.

"இதும் என்னோடதுதான்யா" என்றாள். "இது இல்லாம அதுக்கு அர்த்தமே இல்லய்யா."

அழவில்லை. திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், பதில் சொல்லித்தானே பழக்கம். தகடுகளைத் துப்பட்டாவில் முடிந்துகொண்டு போய்விட்டாள். அப்புறம் சங்க ஆபீஸ் பக்கமே வரவில்லை. புதிதாகக் கூண்டில்லாத மரங்கள் பார்த்து, முதலிலிருந்து அளக்க ஆரம்பித்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். இன்னும் மூன்று மழைக்காலம் அந்த அட்டைக்கடிக்குள் கிடந்தாள். எதிரில் பார்த்தால் "நல்லாருக்கீங்களாய்யா" என்பாள், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஒரு நன்றி கிடையாது. ஜெயித்துக் கொடுத்தவனுக்கு ஒரு நன்றி கிடையாது! அதைத்தான் சொல்கிறேன். பூவாயி போகிற இடத்திலெல்லாம், "நான் கேட்டேன், இவந்தான் வெட்டச் சொன்னான்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். இயக்கம் என்றால் கட்டுப்பாடு வேண்டாமா?

போன வாரம் எங்கள் பள்ளிக்கூட வாத்தியார் போனில் காட்டினார். பொது வாய்மொழித் தேர்வாம். ஆராய்ச்சி முடித்தவர் எல்லோர் முன்னாலும் நின்று சொல்ல வேண்டுமாம், யார் வேண்டுமானாலும் வரலாம், கேள்வி கேட்கலாம் என்று போட்டிருந்தது. யார் வேண்டுமானாலும் என்று போட்டவர்கள் என்னை நினைத்திருக்க மாட்டார்கள். போட்டபின் போட்டதுதானே? நானும் ஒரு கேள்வி தயார் பண்ணினேன். இந்த மரத்துக்காகத் தெருவில் நின்ற ஜனத்துக்கு உன் ஆராய்ச்சியில் என்ன இடம்? நோட்டீஸிலும் அதுதான்.

மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்த்துவிட்டாள். கையிலிருந்த தாளை ஒரு தடவை புரட்டினாள். திரும்பவும் ஆரம்பித்தாள். எல்லாம் இங்கிலீஷ். பக்கத்தில் ஒரு மாணவன், நல்ல பையன், காதில் தமிழில் சொன்னான். நடுவில் ஒரு இடத்தில் "அன்ஐடென்டிஃபைட் பெர்சன்ஸ்" என்றாள். அந்த இங்கிலீஷ் மட்டும் எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். எத்தனை போலீஸ் வழக்கில் பார்த்திருக்கிறேன்! அடையாளம் தெரியாத நபர்கள்! என் பின்னால் வந்தவர்களைத்தான் போலீஸ்காரன் அப்படி எழுதுவான், தோழர். என்னை எழுதியதில்லை. நான் எப்போதும் முதல் எதிரி, குற்றம் சாட்டப்பட்டவர்களில் முதல் ஆள். பெயர், தகப்பன் பெயர், கதவு எண்ணோடு முதல் எதிரி. அந்த நபர்கள் சில மரங்களை வெட்டிவிட்டார்கள் என்று சொன்னாளாம்.

வெட்டுப்பட்டதையும் அவள் விடவில்லை. அதில் பாதிக்குக் கூண்டு கட்டிப் பார்த்திருக்கிறாள். பையன் சொன்னான்: வெட்டினால் தாங்குகிறது. சூடு வந்தால் கொஞ்சம் வாடினாலும் தாங்குகிறது. இரண்டும் சேர்ந்து வந்தால் தாங்கவில்லை. இத்தனைக்கும் மூத்த இனம், அதற்கே முடியவில்லையாம். எனக்குச் சிரிப்பு வந்தது. இதைத்தானே லயன் வீட்டு ஜனத்தைப் பற்றி நான் காலமெல்லாம் சொன்னேன்? கூலி குறைந்தபோது தாங்கினோம். மண் சரிந்தபோது தாங்கினோம். இரண்டும் ஒரே வருஷம் வந்தபோதுதான் திருப்பூருக்கு பஸ் ஏறினார்கள். எனக்கு யார் பட்டம் கொடுத்தார்கள்?

அப்போது வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் எழுந்தார். வெள்ளைத் தாடி. தமிழிலேயே கேட்டார். "யார் வெட்டினாங்கன்னு தெரியாது. எப்போ வெட்டினாங்க? ஒரே நாள்ல வெட்டினாங்களா? எவ்வளவு விட்டு வெட்டினாங்க? நீங்க அங்கே இல்லை. இது தெரியாம அந்த அத்தியாயத்தை நான் எப்படி ஏத்துக்கிறது? இது விபத்தா, நீங்களே செஞ்சதான்னு கேட்டா என்ன சொல்வீங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். நேராகக் கண்ணைப் பார்த்துவிட்டுச் சொல்கிறாள், "யாருன்னு எனக்குத் தெரியாது சார்."

தெரியாதாம்! பாறையில் உட்கார்ந்து உலகம் சொன்னேன், தெரியாதாம்!

எழுந்துவிட்டேன். மைக்கை யாரும் கொடுக்கவில்லை, எனக்கு எதற்கு மைக்? "என் பெயர் சவரிமுத்து. தகப்பன் பெயர் அந்தோணி. வெட்டச் சொன்னது நான். முதல் எதிரி என்று எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன். தாடிக்காரர் என்ன செய்திருக்க வேண்டும்? ஏன் வெட்டினீர்கள், எதற்காகப் போராட்டம் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. "ஒரே நாளா?" என்றார். ஒரே நாள் காலையில் என்றேன். "கத்தியா, கையா?" தேயிலைச் செடியைக் கவாத்து செய்கிற கத்தி என்றேன். "காம்பு எவ்வளவு மிச்சம் இருந்தது?" ஒரு சாண் என்று கையால் காட்டினேன். "குருத்தை வெட்டினீங்களா?" ஒன்றில் மட்டும் என்றேன். தலையாட்டி எழுதிக்கொண்டார். "நன்றி, உட்காருங்க" என்றார். அவ்வளவுதான். என் கேள்வி நோட்டீஸிலேயே தங்கிவிட்டது. அந்த அத்தியாயத்தை ஏற்றுக்கொண்டார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். பட்டம் கிடைத்துவிட்டது. நான் எழுந்திருக்காவிட்டால் கிடைத்திருக்குமா? நீங்களே சொல்லுங்கள்.

வெளியே வந்தேன். பின்னாலேயே ஓடி வந்தாள். மாலை போட வருகிறாள் என்று நினைத்தேன்.

"ஏன்யா எந்திரிச்சீங்க? அந்த மரத்தை வெட்டினது கேஸ் ஆகும். எஸ்டேட்காரங்க புகார் குடுத்துட்டாங்கன்னா இந்த வயசுல கோர்ட்டுக்கு அலையணும். அதுக்குத்தானே நான் பேரு போடல" என்றாள். கண் கலங்கியிருந்தது.

வழக்கு எனக்குப் புதிதா, என் பெயரை மறைக்க உனக்கு என்ன உரிமை என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டேன். பையைத் திறந்து இதை எடுத்துக் கொடுத்தாள். இந்தா, பாருங்கள், என் கொடி பேட்ஜுக்குப் பக்கத்தில் குத்தியிருக்கிறேனே, இதுதான்.

அலுமினியம்தான். ஏழு என்று எழுதியிருக்கிறது. "மத்ததெல்லாம் திரும்பக் குருத்து விட்டுருச்சுய்யா. இது மட்டும் வரல. ரெண்டு வருஷம் பார்த்தேன்" என்றாள். "உங்ககிட்ட இருக்கட்டும்" என்றாள். "போயிட்டு வாங்க தோழர்" என்றாள்.

ஆமாம், தோழர் என்றுதான் சொன்னாள். நன்றாகக் கேட்டது.

பதக்கம் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். இத்தனை வருஷ உழைப்புக்குச் சங்கம்கூட எனக்கு ஒன்றும் குத்தியதில்லை. நீங்கள் என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? வயிற்றைப் புரட்டுகிறதா? பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஓடைப் பக்கம் வாக்கிங் போவீர்கள். மொட்டையாக ஒரு தண்டு நிற்கும், ஆளுயரத்துக்கு. நான் அந்த வழியாகப் போவதில்லை. முழங்கால் வலி.

எடை என்று பார்த்தால் இதில் ஒன்றும் இல்லை, தோழர். ஊதினால் பறந்துவிடும். ஆனால் குத்தியதிலிருந்து சட்டை இந்தப் பக்கமாகவே இழுக்கிறது.